காளையின் எடை 237 எம்பி: இருபரிமாண அசைவுப் படங்களை கேம் இன்ஜினுக்குள் கொண்டுபோவது

எருது விடும் விழாவை வைத்து ஒரு மொபைல் விளையாட்டு செய்வதாக வைத்துக்கொள்வோம். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் பொங்கலை ஒட்டிப் பார்க்கிற அதே காட்சிதான். தெருவின் இரண்டு பக்கமும் கட்டைத் தடுப்பு, நடுவே ஒற்றைக் காளை, குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதே போட்டி. படம் வரைபவர் காளைக்கு 30 படங்கள் அனுப்புகிறார். நிற்பதற்கு 6, ஓட்டத்துக்கு 8, திரும்புவதற்கு 5, எம்பிக் குதிப்பதற்கு 7, வேகம் தணிந்து நிற்பதற்கு 4. எல்லாமே 1920க்கு 1080 அளவில் பிஎன்ஜி. ஃபோல்டர் மொத்தமும் 3 எம்பிதான் காட்டுகிறது. அப்படியே இழுத்து இன்ஜினில், அதாவது விளையாட்டைக் கட்டி ஓடவிடும் மென்பொருளில், போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பிஎன்ஜி என்பது அமுக்கிக் கட்டிய இலவம்பஞ்சு மூட்டை. கட்டை அவிழ்த்தால் அறை முழுக்க நிறையும். போனின் கிராபிக்ஸ் சிப்புக்கு பிஎன்ஜியைப் படிக்கத் தெரியாது. அவிழ்த்துத்தான் கொடுக்க வேண்டும். அவிழ்த்தபின் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளி ஊடுருவும் அளவு என்று 4 பைட். காளை இருக்கும் பிக்சலுக்கும் 4 பைட், சுற்றிலும் வெறுமனே இருக்கும் பிக்சலுக்கும் அதே 4 பைட். 1920 × 1080 × 4 என்றால் 82,94,400 பைட், அதாவது 7.9 எம்பி. 30 படத்துக்கு 237 எம்பி. தடுப்பு, கூட்டம், வீடுகள், வானம் எதுவும் இன்னும் வரவில்லை; ஒரே ஒரு காளைதான் வந்திருக்கிறது. விலை குறைந்த போனில் இந்த விளையாட்டு பாதியில் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் நினைவகம் போதவில்லை என்று ஆண்ட்ராய்டுதான் அதை மூடியிருக்கும்.

இதே காளையை, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல், 2 எம்பிக்குள் அடக்கலாம். அதற்கான முக்கால்வாசி வேலை இன்ஜினைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

முதலில் திரையில் அளந்து பாருங்கள்

விளையாட்டில் காளை அதிகபட்சம் எவ்வளவு பெரிதாகத் தெரியப்போகிறது? 1920க்கு 1080 திரையில் அது 420க்கு 280 பிக்சல் இடத்தைப் பிடிக்கிறது என்றால், அந்த அளவுக்கு மேல் உள்ள ஒவ்வொரு பிக்சலும் சுமை. வரைபவர் பெரிதாக வரையட்டும், அது அவர் கைக்கு வசதி. ஏற்றுமதி செய்யும்போது அந்த அளவுக்குக் குறைத்து, சுற்றியுள்ள வெறும் இடத்தை வெட்டிவிட வேண்டும். 420 × 280 × 4 என்பது 0.45 எம்பி, 30 படத்துக்கு 13.5 எம்பி. 237இலிருந்து 13.5க்கு வந்தாயிற்று, தரத்தில் கை வைக்கவே இல்லை.

வெட்டும் இடத்தில்தான் முதல் விபத்து நடக்கிறது. படங்களை வரிசையாக வெட்டும் மென்பொருளிடம் கொடுத்தால், அது ஒவ்வொரு படத்தையும் அதனதன் ஓரம்வரை தனித்தனியே வெட்டும். கால் நீட்டிய படம் 420 பிக்சல் அகலம், கால் மடக்கிய படம் 350. இன்ஜின் இரண்டையும் நடுப்புள்ளியில் பிடித்து மாற்றி மாற்றிக் காட்டும்போது காளை முன்னும் பின்னும் உதறும். ஓட்டம் சரியில்லை என்று வரைபவரிடம் திருப்பி அனுப்புவார்கள். அவர் வரைந்ததில் ஒரு குறையும் இராது.

இதைத் தவிர்க்க எளிய வழி, ஒரு அசைவின் எல்லாப் படங்களையும் ஒரே ஜன்னலால் வெட்டுவது. ஓட்டத்தின் 8 படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாம் சேர்ந்து பிடிக்கும் இடத்தை ஒரு செவ்வகமாக எடுத்து, அதே செவ்வகத்தால் எட்டையும் வெட்டுங்கள். குதிப்புக்கு உயரமான ஜன்னல் தேவைப்படும், அதைத் தனியாக எடுங்கள். இரண்டையும் ஒரே ஜன்னலில் அடைத்தால் ஓட்டப் படங்களின் தலைக்குமேல் வெற்றிடம் வீணாகும்.

கச்சிதமான வழி, ஒவ்வொரு படத்தையும் ஓரம்வரை வெட்டி, எவ்வளவு வெட்டினோம் என்பதையும் கூடவே எழுதி வைப்பது. பல படங்களை ஒரே பெரிய தாளில் அடுக்கும் டெக்ஸ்சர்பேக்கர் போன்ற கருவிகள் படத்தோடு ஒரு தரவுக் கோப்பும் தரும். வெட்டிய அளவு அதில் இருக்கும். கோடாட் என்னும் இன்ஜினில் அட்லஸ் டெக்ஸ்சரின் (தாளின் ஒரு பகுதியைத் தனிப் படமாக எடுப்பது) மார்ஜின் என்னும் மதிப்பு இதற்காகவே இருக்கிறது. யூனிட்டி என்னும் இன்ஜினில் இன்னும் சுலபம். வெட்டாத படங்களையே கொடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே பிவட் (இன்ஜின் படத்தைப் பிடிக்கும் புள்ளி) வைத்து, மெஷ் டைப்பை (படத்தைத் தாங்கும் புள்ளி வலையின் வகை) டைட் என்று விட்டுவிட்டால், ஸ்பிரைட் அட்லஸ் (படங்களின் தாள்) அடுக்கும்போது வெற்றிடத்தைத் தானே கழித்துக்கொள்ளும், பிவட்டும் நகராது. ஃபுல் ரெக்ட் என்று மாற்றினால் வெற்றிடமும் சேர்ந்தே உள்ளே போகும். அளவைத் திரைக்கேற்பக் குறைக்கும் வேலை மட்டும் எப்படியும் நம்முடையது.

பிவட் எங்கே வைப்பது? காளையின் வயிற்று நடுவில் வைப்பதுதான் பலரின் வழக்கம். குளம்பு மண்ணைத் தொடும் கோட்டில், முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே வையுங்கள். குதிக்கும் படத்திலும் பிவட் அதே தரைக்கோட்டில்தான் இருக்க வேண்டும், காளையோடு மேலே போகக் கூடாது. அப்படி வைத்தால் நிழலைக் காலடியில் ஒட்டுவது, கூட்டத்துக்கு முன்னா பின்னா என்று அடுக்குவது எல்லாமே ஒரே எண்ணைக் கொண்டு நடந்துவிடும்.

காளையோடு சேராதவை

வரைபவர்கள் ஆசையாகச் செய்யும் ஒரு காரியம், புழுதியையும் நிழலையும் காளையோடு சேர்த்தே வரைந்துவிடுவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பின்னால் கிளம்பும் புழுதி 200 பிக்சல் நீளம் என்றால் ஒவ்வொரு படமும் அவ்வளவு நீளும். புழுதியின் விளிம்பு மங்கலாக இருப்பதால் வெட்டும் கருவிக்கு ஓரம் எது என்றும் தெரியாது. புழுதியின் அடர்த்தி 1 சதவீதமே இருந்தாலும் கருவி அதைப் படமாகத்தான் எண்ணும். புழுதிக்கு 64க்கு 64 அளவில் 4 சின்னப் படங்கள் போதும். இன்ஜினின் துகள் அமைப்பு அவற்றைச் சுழற்றி, பெரிதாக்கி, மங்கச் செய்து தெரு முழுக்கப் பரப்பிவிடும். நிழல் ஒரே ஒரு முட்டை வடிவம். காளை எம்பும்போது அதைச் சிறிதாக்கினால் உயரம் தானாகவே கண்ணுக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கம் ஓடும் காளையைத் தனியாக வரைய வேண்டியதில்லை, இன்ஜினே திருப்பிக் காட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். காளையின் முதுகில் போர்த்திய துணியில் எழுத்து இருந்தால் அது கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திரும்பிவிடும். எழுத்தைத் தனித் துண்டாக வைத்து மேலே ஒட்டுங்கள், அல்லது எழுத்தே வேண்டாம் என்று விடுங்கள்.

எத்தனை படம், எந்த வேகம்

அனிமேஷன் மென்பொருளில் நொடிக்கு 24 படம் என்று வைத்து, ஒரே படத்தை இரண்டு கட்டத்துக்கு நீட்டி வரைவது பழைய, நல்ல வழக்கம். கண்ணுக்குத் தெரிவது நொடிக்கு 12 ஓவியம்தான். ஆனால் ஏற்றுமதி செய்தால் 24 கோப்பு வரும், அதில் பாதி நகல். க்ரிட்டா என்னும் வரையும் மென்பொருளில் தனித்த படங்களை மட்டும் ஏற்றுமதி செய்யும் தேர்வு உண்டு. பிக்சல் ஓவிய மென்பொருளான அசெப்ரைட்டில் நகல்களை ஒன்றாக்கும் தேர்வும், ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்னும் கணக்கும் உண்டு. கோடாட் 4இலும் ஒவ்வொரு படத்துக்கும் தனி நேரம் கொடுக்கலாம். ஒரு படத்தை நீட்டிக் காட்ட வேண்டுமென்றால் நேரத்தைக் கூட்டுங்கள், கோப்பைக் கூட்டாதீர்கள்.

வேகத்தைத் தேர்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. போன் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது என்றால், நொடிக்கு 12 படம் என்பது ஒவ்வொன்றும் சரியாக 5 புதுப்பிப்பு நிற்கும். 15 என்றால் 4, 10 என்றால் 6. ஆனால் 24 என்றால் இரண்டரை வருகிறது. அரைப் புதுப்பிப்பு கிடையாது, அதனால் 2, 3, 2, 3 என்று நொண்டும். சீரான ஓட்டத்தில் இந்த நொண்டல் நன்றாகவே தெரியும். பக்கவாட்டில் ஓடும் காளைக்கு 12 என்பதே என் தேர்வு. நிற்கும்போது மூச்சு வாங்கும் அசைவுக்கு 6 போதும்.

அடுத்தது கால் வழுக்குவது. தரையில் ஓடவேண்டிய காளை பனிக்கட்டியில் சறுக்குவதுபோலத் தெரிந்தால், படத்தின் வேகமும் நகரும் வேகமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். எட்டுப் படம் ஒரு சுற்று, நொடிக்கு 12 என்றால் ஒரு சுற்றுக்கு 0.667 நொடி. ஒரு குளம்பு மண்ணை விட்டுக் கிளம்பி மறுபடி அதே நிலைக்கு வருவதற்குள் காளை 540 பிக்சல் கடக்கிறது என்று ஓவியத்தில் அளந்தால், அந்த ஓட்டத்தின் இயல்பு வேகம் நொடிக்கு 810 பிக்சல். விளையாட்டில் காளை 600 வேகத்தில் போகும்போது படத்தை 600 ÷ 810, அதாவது 0.74 மடங்கில் ஓட்டுங்கள். யூனிட்டியில் அனிமேட்டரின் ஸ்பீடு, கோடாட்டில் ஸ்பீடு ஸ்கேல். இந்த ஒரு வகுத்தலை நிரலில் எழுதிவிட்டால் காளை எந்த வேகத்தில் போனாலும் குளம்பு மண்ணில் பதிந்தே ஓடும்.

அடுக்கும்போது

இப்போது 30 படங்களையும் ஒரே பெரிய தாளில் அடுக்க வேண்டும். 2048க்கு 2048 தாள் போதும். 30 படங்களின் பரப்பு சேர்ந்து அதில் 84 சதவீதம் வருகிறது; கால் மடக்கிய படங்கள் சிறியவை என்பதால் அடங்கிவிடும். தாளாக அடுக்குவதன் பயன், இன்ஜின் ஒரே தாளிலிருந்து எடுக்கும் பல உருவங்களை ஒரே கட்டளையில் வரைந்துவிடும். உருவம் மாறும்போதெல்லாம் தாளும் மாறினால் கட்டளைகள் பெருகும்.

எதை எதோடு சேர்த்து அடுக்குவது என்பதில் பலர் தவறுகிறார்கள். விலங்கெல்லாம் ஒரு தாள், மனிதரெல்லாம் ஒரு தாள் என்று பிரித்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒரு தாளில் உள்ள ஒரே ஒரு படத்தைக் கேட்டாலும் முழுத் தாளும் நினைவகத்துக்கு வரும். ஒரே காட்சியில் சேர்ந்து தெரிகிறவற்றை ஒரே தாளில் போடுங்கள். தெருக்காட்சிக்கு ஒன்று, இரவுத் திருவிழாவுக்கு ஒன்று.

படங்களுக்கு இடையே இடைவெளி விட வேண்டும். திரையில் ஒரு பிக்சலை வரைய, சிப் தாளில் பக்கத்துப் பிக்சல்களையும் பார்த்துச் சராசரி எடுக்கிறது. ஓரத்தில் நிற்கும் பிக்சலுக்குப் பக்கத்தில் இருப்பது அடுத்த படத்தின் கொம்பு! அதனால்தான் காளையின் வாலுக்குப் பின்னால் திடீரென ஒரு கோடு மின்னி மறைகிறது. குறைந்தது 2 பிக்சல் இடைவெளி வேண்டும். கேமரா விலகி, படம் சிறிதாகத் தெரியும் விளையாட்டு என்றால் மிப்மேப், அதாவது அதே படத்தின் சிறிய பிரதிகள், போட்டிருப்போம். அப்போது 4 அல்லது 8. தரை, சுவர் போல ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் துண்டுகளுக்கு இடைவெளி மட்டும் போதாது, ஓரப் பிக்சலையே வெளிப்புறமாக ஒரு பிக்சல் நீட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் துண்டுகளுக்கு நடுவே மயிரிழை தெரியும்.

காளையைச் சுற்றி வெள்ளையாக ஒரு மெல்லிய விளிம்பு தெரிகிறதா? அதற்கும் இதே சராசரிதான் காரணம். ஒளி ஊடுருவும் பிக்சலுக்கும் ஒரு நிறம் உண்டு, நம் கண்ணுக்குத்தான் அது தெரிவதில்லை. வெள்ளைப் பின்னணியில் வரைந்து பிறகு பின்னணியை நீக்கியிருந்தால் அந்த நிறம் வெள்ளை. சராசரி எடுக்கும்போது அது எட்டிப் பார்க்கிறது. யூனிட்டியில் ஆல்ஃபா இஸ் டிரான்ஸ்பரன்சி, கோடாட்டில் ஃபிக்ஸ் ஆல்ஃபா பார்டர் என்னும் தேர்வுகள் ஓர நிறத்தையே வெளியே பரப்பி இதைச் சரிசெய்யும். விளிம்பு கருப்பாகத் தெரிந்தால் நோய் வேறு: நிறத்தை ஒளி ஊடுருவும் அளவோடு பெருக்கும் வேலை இரண்டு முறை நடந்திருக்கிறது, ஏற்றுமதியில் ஒன்று, இன்ஜினில் ஒன்று. எலும்பு கோத்து உருவத்தை அசைக்கும் ஸ்பைன் மென்பொருளின் கோப்புகளில் இது அடிக்கடி வரும். இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்ஜினின் உள்ளே

யூனிட்டியில் டெக்ஸ்சர் டைப் ஸ்பிரைட். ரீட்/ரைட் (நிரல் படத்தைப் படித்து மாற்றும் அனுமதி) அணைந்திருக்க வேண்டும். எரிந்தால் ஒவ்வொரு தாளும் நினைவகத்தில் இரண்டு பிரதியாக இருக்கும். கேமரா தூரம் மாறாத விளையாட்டுக்கு மிப்மேப் வேண்டாம், அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். பிக்சல்ஸ் பெர் யூனிட் (இன்ஜினின் ஓர் அலகுக்கு எத்தனை பிக்சல்) எல்லாப் படத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும். மேக்ஸ் சைஸ் தொடக்கத்தில் 2048 என்று இருக்கும். நீங்கள் 4096 தாளைக் கொடுத்தால் யூனிட்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல் பாதியாகச் சுருக்கிவிடும். படம் ஏன் மங்கலாக இருக்கிறது என்று தேடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கோடாட்டில் வேறொரு பொறி. இம்போர்ட் பலகையில் லாஸ்லெஸ், லாஸி போன்ற தேர்வுகள் உண்டு. லாஸி என்றதும் நினைவகம் குறையும் என்று நினைக்கத் தோன்றும். அது குறைப்பது கோப்பின் அளவை மட்டுமே. கிராபிக்ஸ் நினைவகத்தில் இரண்டுமே முழுதாக, பிக்சலுக்கு 4 பைட்டாகத்தான் விரியும். அங்கும் சுருங்கியே இருக்க வேண்டுமென்றால் விராம் கம்ப்ரஸ்டு என்பதைத் தேர்ந்து, ஆண்ட்ராய்டுக்காக புராஜெக்ட் செட்டிங்கில் இடிசி2, ஏஎஸ்டிசி இம்போர்ட்டையும் இயக்க வேண்டும்.

இந்த இரண்டு வடிவங்களும் பிஎன்ஜி போல அல்ல. சிப் இவற்றைச் சுருங்கிய நிலையிலேயே படிக்கும். ஒளி ஊடுருவலுடன் கூடிய இடிசி2 பிக்சலுக்கு 8 பிட். 2048 தாள் 16 எம்பியிலிருந்து 4 எம்பி ஆகும். ஏஎஸ்டிசி படத்தைச் சின்னப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும்; கட்டத்தின் அளவை நாமே தேரலாம். எந்தக் கட்டமானாலும் அதற்கு 128 பிட்தான். 4க்கு 4 என்றால் 4 எம்பி, 5க்கு 5 என்றால் 2.6, 6க்கு 6 என்றால் 1.8, 8க்கு 8 என்றால் 1. கட்டம் பெரிதாகப் பெரிதாக விவரம் கரையும். காளை ஓடுகிறது, கண் ஒரு இடத்தில் நிற்பதில்லை; அதற்கு 6க்கு 6 தாராளம். புழுதிக்கு 8க்கு 8. கருப்புக் கோடு அழுத்தமாக உள்ள முகத்துக்கு 4க்கு 4ஐவிடப் பெரிய கட்டம் போடாதீர்கள், கோட்டின் ஓரத்தில் கறை படியும். பிக்சல் ஓவியத்துக்கு எந்தச் சுருக்கமும் வேண்டாம். ஃபில்டரை யூனிட்டியில் பாயின்ட், கோடாட்டில் நியரெஸ்ட் என்று வைத்து அப்படியே விடுங்கள். அது இயல்பிலேயே சின்னது.

அசைவுகளை இணைக்கும்போது யூனிட்டியின் அனிமேட்டர், ஓர் அசைவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அம்புக்கு எக்ஸிட் டைமையும் (முந்தைய அசைவு ஓடக் காத்திருக்கும் நேரம்), கொஞ்சம் கலக்கும் நேரத்தையும் தானாகவே போட்டுவிடும். முப்பரிமாண உருவத்துக்கு அது நல்லது. வரைந்த படங்களைக் கலக்க முடியாது. அதனால் அந்த நேரம் வெறும் தாமதமாகத்தான் மிஞ்சும், பொத்தானை அழுத்திக் கால் நொடி கழித்துக் காளை குதிக்கும். எக்ஸிட் டைமை அணைத்து, கலக்கும் நேரத்தைப் பூச்சியமாக்குங்கள்.

கோப்புப் பெயரைப் பற்றி இரண்டே வார்த்தை. எண்ணை 01, 02 என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். பெயர் முழுக்க ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்கட்டும். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது, ஆண்ட்ராய்டு பார்க்கும். கணினியில் ஓடிய காளை போனில் காணாமல்போவது இதனால்தான்.

கூத்து வேஷத்துக்கு வேறு வழி

இரவுத் திருவிழாவில் தெருக்கூத்து நடக்கிறது. புரிசை போன்ற கூத்து ஊர்கள் 1989 வரை, வேலூரும் சேர்ந்திருந்த அதே வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. இந்தப் பக்கத்துத் திருவிழாவைக் காட்டிவிட்டுக் கூத்தைக் காட்டாமல் விட முடியாது. துரியோதனன் வேஷம் திரையில் 500க்கு 600 பிக்சல், பெரிய உருவம். நிற்கிறது, வசனம் பேசுகிறது, கை வீசுகிறது, அடவு போடுகிறது. இதைப் படம் படமாக வரைந்தால் 100 படம் ஆகும், 114 எம்பி. இங்கே எலும்பு முறைதான் சரி. உருவத்தைத் துண்டு துண்டாக வெட்டி, இன்ஜினில் எலும்பு கோத்து அசைப்பது.

கிரீடம் ஒன்று, முகம், கண், மார்ப்பதக்கத்தோடு உடல், புஜக்கட்டை இரண்டு, மேற்கை, முன்கை, உள்ளங்கை இரண்டிரண்டு, பாவாடை ஒன்று, கால் இரண்டு, சலங்கையோடு பாதம் இரண்டு. 17 துண்டு. எல்லாம் 1024க்கு 1024 தாளில் அடங்கும். ஏஎஸ்டிசி 4க்கு 4இல் ஒரே எம்பி. அதற்கப்புறம் எத்தனை அசைவு சேர்த்தாலும் கூடுவது வெறும் எண்கள்தான். ஸ்பைனில் செய்தால் ஜேசன் கோப்பை விட்டு பைனரியாக ஏற்றுமதி செய்யுங்கள். சிறியது, சீக்கிரம் திறக்கும்.

எலும்பு முறையில் எல்லாத் துண்டுக்கும் மெஷ் போட்டு வளைக்கும் ஆசை வரும். வேஷத்தையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் மரத்தில் செய்து, பளபளக்கும் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டியவை. அதனால்தான் அதற்குக் கட்டை வேஷம் என்றே பெயர். மரம் வளையாது. ஆட்டக்காரர் தலையைச் சாய்த்தால் கிரீடம் மொத்தமாகச் சாய்கிறது. அவற்றை வளையாத துண்டாக, ஒற்றை எலும்பில் கட்டிவிடுங்கள். மெஷ்ஷின் ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகக் கணக்கிட வேண்டும், அந்தச் செலவு மிச்சம். கிரீடத்தை வளைத்தால் செலவோடு, அட்டையில் செய்ததுபோலப் பொய்யாகவும் தெரியும். மெஷ் வேண்டியது பாவாடைக்குத்தான். அதற்கும் 16 முதல் 20 புள்ளி போதும், ஒரு புள்ளியை இரண்டு எலும்புக்கு மேல் இழுக்கக் கூடாது.

மூட்டில் வெட்டும்போது நேர்க்கோட்டில் வெட்டினால் கை மடக்கியதும் இடுக்கு திறந்துகொள்ளும். மேற்கையின் முனையையும் முன்கையின் முனையையும் ஒரே அளவு வட்டமாக முடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வரையச் சொல்லுங்கள். எலும்பின் முனை அந்த வட்டத்தின் மையத்தில் இருக்க வேண்டும். புஜக்கட்டை தோள் மூட்டை எப்படியும் மூடிவிடும், அங்கே கவலையில்லை.

எலும்பு முறை தோற்கும் இடம் ஒன்று உண்டு. ஆட்டக்காரர் பாவாடை குடையாக விரியக் கிறுகிறுவென்று சுழல்கிறார். தட்டையான துண்டுகளை வைத்து ஓர் உருவத்தின் முதுகைக் காட்ட முடியாது. அகலத்தைச் சுருக்கி விரித்துச் சமாளித்தால் அட்டை பொம்மை சுழல்வதுபோல இருக்கும். இதைக் கையால் வரைய வேண்டும், 8 படம். சுழலும்போது விவரம் தெரியாது என்பதால் பாதி அளவில், 250க்கு 300இல் வைத்து இரண்டு மடங்காகக் காட்டலாம்; எட்டும் சேர்ந்து 2.3 எம்பி, சுருக்கினால் இன்னும் குறைவு. எலும்பு உருவம் நேராகப் பார்த்து, இரண்டு கையும் விரித்த நிலைக்கு வந்ததும் அதை மறைத்து முதல் ஓவியத்தைக் காட்டுங்கள். முதல் ஓவியமும் கடைசி ஓவியமும் அதே நிலையில், அதே பிவட்டில் இருந்தால் மாறியதே தெரியாது. கூத்துக் காட்சியின் உயிர் இந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது. மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இந்த எட்டு ஓவியத்துக்கு நல்ல கையைத் தேடுங்கள்.

அடவு தாளத்தோடு சேர வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு அரை நொடி, நொடிக்கு 12 படத்தில் சரியாக 6 படம். மிருதங்கம் 140க்கு ஏறினால் 5.14 என்று வரும். அசைவைத் தன் கடிகாரத்தில் ஓடவிட்டால் சில தட்டுகளிலேயே சலங்கை ஒருபக்கமும் கால் ஒருபக்கமும் போகும். ஒவ்வொரு ஃபிரேமிலும் பாட்டு எத்தனையாவது நொடியில் இருக்கிறது என்று கேட்டு, அதிலிருந்து அசைவின் இடத்தைக் கணக்கிடுங்கள்.

வெயிலில் ஒரு சோதனை

கோடையில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். போன் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள சிப்பின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிரூட்டிய அறையில் 60 ஃபிரேம் ஓடிய விளையாட்டு வெளியே 35இல் திணறுவதற்கு அதுவே காரணம். சுருங்கிய தாள்களின் இன்னொரு பயன் இங்கே வெளிப்படுகிறது: நினைவகத்திலிருந்து சிப்புக்குப் போகும் பைட்டுகள் குறைவதால் மின்சாரமும் சூடும் குறைகின்றன. வெற்றிடத்தை வரைவதும் வேலைதான். பிக்சலில் எதுவும் தெரியாவிட்டாலும் சிப் அதைத் தொட்டுத்தான் விடும். மூன்று நான்கு பெரிய வெற்றுச் செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் திரையை நான்கு முறை வரைந்த செலவு. யூனிட்டியின் டைட் மெஷ் உருவத்தை ஒட்டியே வரைவதால் இதிலும் உதவும்.

இன்ஜினிலேயே அளக்கலாம். கோடாட்டில் டீபக்கரின் வீடியோ ராம் பகுதியைத் திறந்தால் எந்தத் தாள் எவ்வளவு தின்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். யூனிட்டியில் மெமரி புரொஃபைலர். எந்த இடத்தில் தாள் மாறி வரைதல் உடைகிறது என்பதற்கு ஃபிரேம் டீபக்கர். இந்த எண்களை எடிட்டரில் பார்க்காதீர்கள், போனை இணைத்துப் பாருங்கள். எடிட்டர் தனக்கென்று பல பிரதிகள் வைத்திருக்கும்.

எல்லா அமைப்பும் சரியான பிறகு அவற்றைக் கையால் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். கோடாட்டின் இம்போர்ட் பலகையில் அமைப்பை இயல்பாக வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. யூனிட்டியில் ஃபோல்டர் பெயரைப் பார்த்து அமைப்பைத் தானே போடும் சிறு நிரலை, டெக்ஸ்சர் உள்ளே வருமுன் ஓடும்படி எழுதலாம். இருபது வரிகூட வராது. காளை ஃபோல்டரில் விழுந்தால் 6க்கு 6, வேஷ ஃபோல்டரில் விழுந்தால் 4க்கு 4, புழுதி என்றால் 8க்கு 8. மூன்றிலும் மிப்மேப் இல்லை, ரீட்/ரைட் இல்லை. வரைபவர் அடுத்த வாரம் திருத்திய 31ஆவது படத்தை அனுப்பினாலும் அது தானாகவே அதே அளவுக்கு வந்து அமரும்.